உந்தம் எங்கே போகிறது? உந்த அழிவின்மை விதி பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பத்தாம் வகுப்பில் ஒரு விதியாக வந்து, பதினொன்றாம் வகுப்பில் கணக்குகளோடு திரும்ப வந்து, அப்புறம் நீட், ஜேஇஇ வரை கூடவே வருகிற பாடம் இது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வருஷாவருஷம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். குழப்பத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்னாலேயே சூத்திரத்தில் எண்களைப் போட ஆரம்பித்துவிடுகிறோம். படிக்கும்போது அதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

உந்தம்னா என்ன சார்? விசையும் உந்தமும் ஒண்ணுதானே?

இல்லை. உந்தம் = நிறை × திசைவேகம். நகர்கிற ஒரு பொருளிடம் இருக்கிற அளவு அது. விசை அப்படி ஒரு பொருளிடம் இருப்பதில்லை, இரண்டு பொருள்களுக்கு நடுவில் செயல்படுவது. பறந்து வருகிற பந்திடம் உந்தம் இருக்கிறது என்று எழுதலாம், விசை இருக்கிறது என்று எழுதக்கூடாது.

விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. ஒரு பொருளின் மேல் விழுந்த மொத்தக் கணத்தாக்கு எவ்வளவோ, அதன் உந்தம் அவ்வளவு மாறும். கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியை வைத்துத்தான் ஓடும்.

அழிவின்மைன்னா உந்தம் மாறவே மாறாதா? தரையில உருட்டிவிட்ட பந்து கொஞ்ச நேரத்துல நின்னுடுதே!

பந்தின் உந்தம் மாறுகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பந்தின் மேல் தரை உராய்வு விசை செலுத்துகிறது, கணத்தாக்கு இருக்கிறது, உந்தம் குறைகிறது. விதி சொல்வது வேறு: வெளியிலிருந்து நிகர விசை எதுவும் இல்லாத ஓர் அமைப்பின் *மொத்த* உந்தம் மாறாது. பந்தை மட்டும் அமைப்பாக எடுத்தால் தரை வெளியாள், அதனால் விதி பொருந்தாது. பந்தையும் பூமியையும் சேர்த்து எடுத்தால் உராய்வு உள்ளுக்குள் நடக்கிற விசையாகிவிடுகிறது, மொத்தம் மாறாது, பந்து இழந்தது அத்தனையும் பூமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே "உந்தம் மாறுமா மாறாதா" என்று யாராவது கேட்டால் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, "எதனுடைய உந்தம்?" என்பதுதான்.

பூமிக்குப் போச்சுன்னு சொன்னா நம்புற மாதிரி இல்லையே. பூமி நகரவே இல்லையே?

எண்ணைப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். 150 கிராம் பந்து ஒன்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுவரில் பட்டு அதே வேகத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். முன்னால் உந்தம் +1.5, பின்னால் −1.5, ஆக மாற்றம் 3 கிகி.மீ/வி. சுவர் தரையில் ஊன்றியிருக்கிறது, தரை பூமியோடு இருக்கிறது, அந்த 3 பூமிக்குப் போகிறது. பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோகிராம். வகுத்தால் வேக மாற்றம் விநாடிக்கு 5 × 10⁻²⁵ மீட்டர். ஓர் அணுவின் விட்டம் 10⁻¹⁰ மீட்டர் அளவு. இந்த வேகத்தில் அந்த அணு அளவு தூரத்தைக் கடக்கப் பூமிக்குச் சுமார் 60 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் துள்ளிக் குதித்தாலும் இதே கதைதான். குதித்து மேலே போகும்போது பூமி எதிர்த்திசையில் போகிறது, நீங்கள் இறங்கும்போது அதுவும் திரும்பி வருகிறது. பூமி உந்தத்தை முழுதாக வாங்கிக்கொள்கிறது, ஆற்றலை மட்டும் கிட்டத்தட்ட வாங்குவதே இல்லை, ஏனென்றால் இயக்க ஆற்றல் = உந்தத்தின் வர்க்கம் ÷ (2 × நிறை). நிறை அவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்த ஆற்றல் ஒன்றுமில்லாமல் போகிறது.

எதிரெதிரா வந்து மோதினா ரெண்டு உந்தத்தையும் கூட்டணுமா, கழிக்கணுமா?

கூட்டத்தான் வேண்டும், ஆனால் குறியோடு. உந்தம் ஒரு வெக்டர், அதாவது அளவோடு திசையும் உள்ளது. கணக்குப் போடுவதற்கு முன் ஒரு திசையை நேர்க்குறி என்று வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் வருவதற்கெல்லாம் மைனஸ் போட்டுவிட்டால், அப்புறம் எப்போதும் கூட்டல்தான். 2 கிலோ வண்டி +3 மீ/வி, 1 கிலோ வண்டி −4 மீ/வி; மொத்தம் 6 − 4 = 2. ஒட்டிக்கொண்டால் 3 கிலோவுக்கு 2, அதாவது விநாடிக்கு 0.67 மீட்டர், முதல் வண்டி போன திசையில்.

இந்த மைனஸ் சாதாரண விஷயம் இல்லை. பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் 1644-ல் "இயக்கத்தின் அளவு" உலகத்தில் மாறாமல் இருக்கிறது என்று எழுதினார். ஆனால் அவர் எடுத்தது அளவை மட்டும், திசையை விட்டுவிட்டார். அதனால் மோதல்களுக்கு அவர் எழுதிய விதிகளில் பெரும்பாலானவை சோதித்துப் பார்த்தால் நிற்கவில்லை. திசையையும் சேர்த்துக்கொண்டு 1660-களில் ஹைகன்ஸ், வாலிஸ், ரென் ஆகியோர் மோதல்களை ஆராய்ந்த பிறகுதான் விதி சரியான வடிவத்துக்கு வந்தது. நியூட்டனின் பிரின்சிபியா வெளிவந்தது 1687-ல். எனவே மைனஸ் போட மறந்து மார்க் போனால் மனசு விட வேண்டாம், அடுத்த முறை முதல் வரியிலேயே "வலப்பக்கம் நேர்க்குறி" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த விதி நியூட்டன் மூணாவது விதியிலேர்ந்து எப்படி வருது? புத்தகத்துல ரெண்டு வரியில முடிச்சுட்டாங்க.

இரண்டு வரிதான் உண்மையிலேயே. முதல் பொருள் இரண்டாவதன் மேல் செலுத்தும் விசையும், இரண்டாவது முதலாவதன் மேல் செலுத்தும் விசையும் ஒவ்வொரு கணத்திலும் சமம், எதிரெதிர். இருவரும் தொட்டுக்கொண்டிருக்கிற நேரமும் ஒன்றே. விசை சமம், நேரம் சமம், அதனால் கணத்தாக்கு சமம், எதிர். ஒன்று எவ்வளவு பெற்றதோ மற்றது அவ்வளவு இழந்தது. விசை நடுவில் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, ஏறுவதும் இறங்குவதும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான்.

மோதும்போது இயக்க ஆற்றல் குறையுது, உந்தம் மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது? ரெண்டும் நிறையும் வேகமும்தானே?

இந்தப் பாடத்திலேயே நல்ல கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பேன். முந்தைய பதிலில் விசையை *நேரத்தால்* பெருக்கினோம். ஆற்றலுக்கு விசையைத் *தூரத்தால்* பெருக்க வேண்டும். மோதுகிற இரண்டு பொருள்களுக்கும் நேரம் பொது. ஒன்று இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் அதுவும் இதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், இதில் வித்தியாசம் வர வழியே இல்லை. ஆனால் தூரம் பொது இல்லை.

மரக்கட்டை ஒன்றில் துப்பாக்கிக் குண்டு பாய்வதைப் பாருங்கள். கட்டை நகரத் தொடங்கி ஒரு மில்லிமீட்டர்கூடப் போயிருக்காது, அதே நேரத்தில் குண்டு உள்ளே பல சென்டிமீட்டர் துளைத்துப் போய்விட்டது. இரண்டின் மேலும் ஒரே அளவு விசை, ஒரே நேரம். ஆனால் குண்டு கடந்த தூரம் அதிகம், அதனால் குண்டு இழந்த ஆற்றல் கட்டை பெற்ற ஆற்றலை விட மிக அதிகம். மிச்சம், அதாவது விசை × துளைத்த ஆழம், மரத்தைப் பிளப்பதிலும் சூட்டிலும் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆற்றலுக்கு வேறு வடிவங்கள் உண்டு, வெப்பம், ஒலி, நசுங்கல் என்று போய் ஒளிந்துகொள்ளலாம். சூடான கட்டைக்குள் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் குலுங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் இயக்க ஆற்றல் இருக்கிறது, அது கூடிக்கொண்டே போகும். ஆனால் அவற்றின் உந்தங்கள் எல்லாத் திசையிலும் இருப்பதால் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால் "உந்தம் வெப்பமாக மாறியது" என்று விடைத்தாளில் எழுதவே கூடாது.

துப்பாக்கிக்கும் குண்டுக்கும் சமமான உந்தம்னா, சுடுறவருக்கும் குண்டு பட்டவருக்கும் ஒரே அடிதானே விழணும்?

உந்தம் சமம்தான். 10 கிராம் குண்டு விநாடிக்கு 400 மீட்டரில் போனால் உந்தம் 4. துப்பாக்கி 4 கிலோ என்றால் பின்னோக்கி 1 மீ/வி. இப்போது ஆற்றலைப் பாருங்கள்: குண்டுக்கு 800 ஜூல், துப்பாக்கிக்கு 2 ஜூல். வெடிமருந்திலிருந்து வந்த இயக்க ஆற்றலில் ஏறக்குறைய முழுவதையும் இலேசான குண்டு எடுத்துக்கொண்டுவிட்டது. அதோடு துப்பாக்கியின் அடிக்கட்டை அகலமாகத் தோளில் பதிகிறது, குண்டோ விரல் நுனி அளவு இடத்தில் அந்த 800 ஜூலையும் இறக்குகிறது.

குண்டு மரக்கட்டைக்குள்ள போய் கட்டை ஊசல் மாதிரி மேல போற கணக்குல, எங்க உந்தம் போடணும், எங்க ஆற்றல் போடணும்?

இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். குண்டு பாய்ந்து நிற்கும் வரை முதல் கட்டம்: இங்கே உந்தம் மட்டும்தான், இயக்க ஆற்றல் மாறாது என்று போடக்கூடாது, காரணம் மேலே சொல்லிவிட்டேன். கட்டை ஊசலாடி மேலே போவது இரண்டாம் கட்டம்: இங்கே ஆற்றல். கயிறு இழுப்பதும் புவியீர்ப்பும் வெளிவிசைகள், அதனால் உந்தம் இந்தக் கட்டத்தில் மாறிக்கொண்டே போகும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதே குண்டு, குண்டோடு சேர்த்துக் கட்டை 2 கிலோ. சரியான வழியில், 4 ÷ 2 = 2 மீ/வி, உயரம் 20 சென்டிமீட்டர். தொடக்கத்திலிருந்தே ஆற்றலைப் போட்டால் 800 ஜூலும் உயரமாக மாறி 40 மீட்டர் என்று வரும், பதின்மூன்று மாடி உயரத்துக்குக் கட்டை எழும்பியதாக. உண்மையில் 800-ல் 4 ஜூல்தான் ஊசலுக்கு மிஞ்சுகிறது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை இப்படி அளக்கிற முறையை பெஞ்சமின் ராபின்ஸ் 1742-ல் விவரித்தார். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை வைத்தே குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மோதும்போது புவியீர்ப்பு, உராய்வு எல்லாம் இருக்கு. அப்புறம் எப்படி அழிவின்மை விதியைப் போடுறோம்?

மோதல் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுவதால். கிரிக்கெட் பந்து மட்டையைத் தொட்டிருப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அந்த நேரத்தில் பந்தின் மேல் புவியீர்ப்பு கொடுக்கும் கணத்தாக்கு 1.5 நியூட்டன் × 0.001 = 0.0015. மட்டையிலிருந்து வருவதோ பத்துக்குப் பக்கத்தில். அதனால் மோதலுக்குச் சற்று முன், சற்றுப் பின் என்ற இரண்டு கணங்களுக்கு நடுவே விதியைப் பயன்படுத்தலாம். மோதி முடிந்து பத்து மீட்டர் உருண்ட பிறகு இருக்கிற வேகத்தைப் போட்டால் தப்பு.

இந்தச் சலுகை சுவர், தரை, கீல் போன்றவை கொடுக்கும் விசைக்குப் பொருந்தாது. அவை மோதலின்போதே அதே அளவுக்குப் பெரிதாகிவிடும்.

பந்து சுவர்ல ஒட்டிக்கிட்டா அடி அதிகமா, திரும்பி வந்தா அதிகமா?

திரும்பி வந்தால். ஒட்டிக்கொண்டால் உந்த மாற்றம் 1.5, திரும்பினால் 3, மேலே பூமி பற்றிய பதிலில் பார்த்தோம். உயரத்திலிருந்து வரும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் பெல்டன் சக்கரம் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதன் கிண்ணங்கள் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாமல் கிட்டத்தட்ட வந்த திசைக்கே திருப்பிவிடுகின்றன, அதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை. நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தில், 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் இப்படித்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

கேரம்ல நேரா அடிச்சா ஸ்ட்ரைக்கரும் காயோட பின்னாடியே போய் பாக்கெட்ல விழுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

முழுச் சம்பந்தம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். நேருக்கு நேர் மீட்சி மோதலில், உந்தமும் இயக்க ஆற்றலும் சமன் ஆக வேண்டும் என்று போட்டால், ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு முன்னாலேயே போகும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும். சரிபாருங்கள்: 15 × 0.5 + 5 × 1.5 = 15. கனமான பொருள் இலேசானதை இடித்தால் ஒருபோதும் நிற்காது, திரும்பாது. ஆனால் பலகையின் உராய்வில் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, காயின் வேகம் மூன்று மடங்கு, ஆகவே ஸ்ட்ரைக்கர் காய் போகக்கூடிய தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கில் நின்றுவிடும். அதனால்தான் காய் பாக்கெட் வாயில் இருக்கும்போது பலமாக அடித்தால் ஃபைன் விழுகிறது, மெதுவாகத் தட்டினால் தப்பிக்கிறோம்.

காய் காயை இடித்தால் நிறை சமம், நேராகப் பட்டால் வந்த காய் நின்றுவிடும். சாய்வாகப் பட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிரியும், கொஞ்சம் ஆற்றல் வீணாவதால் உண்மைப் பலகையில் 90 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஸ்ட்ரைக்கர் காயை எவ்வளவு சாய்வாக அடித்தாலும் தன் பாதையிலிருந்து சுமார் 19.5 டிகிரிக்கு மேல் விலகாது, ஏனென்றால் அதிகபட்ச விலகு கோணத்தின் சைன் மதிப்பு 5/15. நீளவாக்கில் ஒரு சமன்பாடு, குறுக்குவாக்கில் ஒரு சமன்பாடு என்று தனித்தனியாக எழுதினால் இதெல்லாம் வந்துவிடும். வீட்டில் பலகை இருந்தால் பவுடர் போட்டு, மேலிருந்து போனில் வீடியோ எடுத்துக் கோணத்தை அளந்து பாருங்கள், உண்மையிலேயே வருகிறது.

வரிசையா தொங்குற அஞ்சு குண்டுல ஒண்ணை விட்டா, அந்தப் பக்கம் ஒண்ணுதான் எழும்புது. ரெண்டு குண்டு பாதி வேகத்துல போனாலும் உந்தம் சரியா வருமே?

உந்தம் சரியாக வரும், ஆற்றல் வராது. இரண்டு குண்டு பாதி வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் பாதிதான் இருக்கும். எஃகுக் குண்டுகள் மோதும்போது அவ்வளவு ஆற்றல் எங்கேயும் போவதில்லை. கொஞ்சம் கூர்ந்து யோசிப்பவர்கள் ஐந்து குண்டுகளுக்கு இரண்டு சமன்பாடு போதாதே என்று கேட்பார்கள், அதுவும் சரிதான். பக்கத்துப் பக்கத்து குண்டுகள் ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து மோதுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். சமநிறை என்பதால் ஒவ்வொரு மோதலிலும் வந்தது நிற்கும், அடுத்தது கிளம்பும், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

விண்வெளியில காத்தே இல்லை. ராக்கெட் எதைத் தள்ளிக்கிட்டு போகுது?

தன் எரிவாயுவையே தள்ளுகிறது. ராக்கெட்டும் எரிபொருளும் சேர்ந்த அமைப்பை எடுங்கள். வாயு பின்னால் உந்தத்தைக் கொண்டுபோகிறது, ராக்கெட் அதே அளவை முன்னால் பெறுகிறது. காற்று இதில் எங்கேயும் வரவில்லை, இருந்தால் இடைஞ்சல்தான். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யும் என்று நம்பிய ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் காடர்டுக்குப் பள்ளிக்கூட இயற்பியலே தெரியவில்லை என்று எழுதியது. அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. ஆகவே இந்தச் சந்தேகம் வருவது வெட்கப்படவேண்டிய விஷயமே இல்லை.

வாயு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது, ஒரு கிலோ எரிபொருளுக்கு அவ்வளவு அதிக உந்தம். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற கிரையோஜெனிக் இன்ஜினில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்து வரும் வாயுவின் வேகம், வெற்றிடத்தில், விநாடிக்கு 4 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு குளிரில் திரவங்களை வைத்துப் பாடுபடுவது அந்த வேகத்துக்காகத்தான்.

ஓடுற வண்டியில மணலைக் கொட்டினா வேகம் குறையுது, சரி. ஓட்டை வழியா மணல் ஒழுகினா வேகம் கூடணுமே? நிறை குறையுதே?

கூடாது, அப்படியே இருக்கும். உராய்வு இல்லாத தண்டவாளத்தில் 1000 கிலோ வண்டி 3 மீ/வி வேகத்தில் போகிறது, மேலிருந்து நேர்க்குத்தாக 500 கிலோ மணல் விழுகிறது. மணலுக்குக் கிடைவாக்கில் உந்தம் இல்லை. மொத்தம் 3000, நிறை 1500, வேகம் 2 ஆகிவிடும். இது எல்லோருக்கும் வரும்.

ஒழுகும்போது தவறு எங்கே நடக்கிறது என்றால், மணல் வெளியே போனதும் அதை மறந்துவிட்டு "நிறை × வேகம் மாறிலி" என்று வண்டிக்கு மட்டும் எழுதிவிடுகிறோம். ஓட்டையிலிருந்து விழும் மணலும் அந்தக் கணத்தில் வண்டியின் வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. தன் பங்கு உந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகிறது, வண்டியைத் தள்ளவோ இழுக்கவோ இல்லை. கீழே விழுந்து தண்டவாளத்துக்கு நடுவில் அது நிற்பது தரைக்கும் மணலுக்கும் இடையிலான விவகாரம். ராக்கெட்டில் வாயு வெளியே *தள்ளப்படுகிறது*, இங்கே மணல் வெறுமனே விழுகிறது, வித்தியாசம் அதுதான்.

வாணம் வானத்துல வெடிச்சு நாலா பக்கமும் சிதறுதே, அப்போ உந்தம் என்ன ஆகுது?

வெடிக்கும் கணத்துக்குச் சற்று முன்னும் பின்னும் மொத்த உந்தம் ஒன்றே, ஏனென்றால் வெடிப்பு உள்விசை. சிதறல்கள் எங்கெங்கே போனாலும் அவற்றின் நிறை மையம் (மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கருதக்கூடிய புள்ளி) வெடிக்காமல் இருந்திருந்தால் போயிருக்கும் அதே பரவளையத்தில்தான் போகும், காற்றுத் தடையை விட்டுவிட்டால். முதல் துண்டு தரையைத் தொட்டவுடன் இது முடிந்துவிடும், தரை வெளிவிசை கொடுக்க ஆரம்பித்துவிடுகிறதே.

அசையாத படகில் நடப்பதும் இதே நிறை மையக் கணக்குதான். 150 கிலோ படகில் 50 கிலோ ஆள் படகின் மேல் 4 மீட்டர் நடந்தால், தண்ணீர்த் தடை இல்லையென்றால், படகு 1 மீட்டர் பின்னால் போகும், கரையிலிருந்து பார்த்தால் ஆள் 3 மீட்டர்தான் முன்னேறியிருப்பார்.

விண்கல்லை இடிச்சுத் தள்ளினாங்களே, மோதின விண்கலத்தோட உந்தத்தை விட அதிகமா அது நகர்ந்துச்சாம். விதி பொய்யாயிடுச்சா?

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மேல் மோதியது. விண்கலத்தின் நிறை 570 கிலோ அளவு, வேகம் விநாடிக்குச் சுமார் 6.1 கிலோமீட்டர். உந்தம் சுமார் 35 லட்சம் கிகி.மீ/வி. டைமார்ஃபஸின் நிறை சுமார் 430 கோடி கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். மண் உருண்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் வேக மாற்றம் விநாடிக்கு 0.8 மில்லிமீட்டர்தான். ஆனால் அளந்தபோது சுமார் 2.7 மில்லிமீட்டர் வந்தது, மூன்று மடங்குக்கும் மேல்.

விதி பொய்யாகவில்லை, அமைப்பில் ஓர் ஆளை விட்டுவிட்டோம். மோதிய இடத்திலிருந்து டன் கணக்கில் பாறைத்தூள் வந்த திசைக்கே பீய்ச்சியடித்தது. அந்தத் தூள் பின்னோக்கிக் கொண்டுபோன உந்தத்துக்குச் சமமாக சிறுகோள் முன்னோக்கிக் கூடுதலாகப் பெற்றது. பந்து திரும்பி வந்தால் அடி அதிகம் என்று பார்த்தோமே, இங்கே திரும்பி வந்தது விண்கலம் இல்லை, சிறுகோளின் சொந்த மண். டைமார்ஃபஸ் தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளைச் சுற்றிவருகிறது; அதை ஒருமுறை சுற்ற எடுத்துக்கொண்ட நேரம், முன்பு 11 மணி 55 நிமிடம், அரை மணிக்கும் மேல் குறைந்துவிட்டது.

ஓடுற ரயில்ல உட்கார்ந்து பார்த்தா வேகமெல்லாம் மாறிடுமே, அப்போ உந்தமும் மாறிடுமா?

உந்தத்தின் மதிப்பு மாறும், அழிவின்மை மாறாது. முன்னால் பார்த்த 2 கிலோ, 1 கிலோ வண்டிகளை 3 மீ/வி வேகத்தில் போகிற ரயிலிலிருந்து பாருங்கள். முதல் வண்டி ஓய்வு, இரண்டாவது −7. மொத்தம் −7. ஒட்டிய பிறகு வேகம் 0.67 − 3 = −2.33, நிறை 3, மறுபடி −7. தரையில் 2 முன்னும் பின்னும், ரயிலில் −7 முன்னும் பின்னும்.

ஆற்றலையும் போட்டுப் பாருங்கள். தரையில் 17 ஜூல் 0.67 ஆகிறது, ரயிலில் 24.5 ஜூல் 8.17 ஆகிறது. எண்கள் வேறு வேறு, ஆனால் இழப்பு இரண்டிலும் 16.33 ஜூல். நசுங்கலும் சூடும் யார் பார்த்தாலும் ஒரே அளவுதானே இருக்க முடியும். ஒன்று மட்டும் கவனம்: முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும், முன்னால் தரையிலிருந்தும் பின்னால் ரயிலிலிருந்தும் எடுத்துக் கலக்கக்கூடாது. ரயில் வேகம் கூட்டிக்கொண்டோ குறைத்துக்கொண்டோ இருக்கவும் கூடாது.

இதுவரைக்கும் எங்கேயாவது இந்த விதி தோத்துப்போயிருக்கா?

தோற்றது போல் தோன்றியிருக்கிறது. பீட்டா சிதைவில் அணுக்கரு ஓர் எலக்ட்ரானை வெளிவிடுகிறது. ஓய்விலிருக்கும் ஒன்று இரண்டாகப் பிரிந்தால், உந்தமும் ஆற்றலும் சேர்ந்து எலக்ட்ரானுக்கு ஒரே ஒரு வேகத்தைத்தான் அனுமதிக்கும், துப்பாக்கியும் குண்டும் போல. ஆனால் அளந்தால் எலக்ட்ரான் விதவிதமான ஆற்றலோடு வந்தது. ஆற்றல் அழிவின்மையையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவர்கள்கூட யோசித்தார்கள். 1930-ல் வுல்ஃப்காங் பௌலி, கண்ணில் படாத மூன்றாவது துகள் ஒன்று போகிறது என்றார். அந்த நியூட்ரினோவை 1956-ல் ரைனஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகில் கண்டுபிடித்தார்கள். நடுவில் 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டதும் இதே வழியில்தான்: அது இடித்துத் தள்ளிய ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்களின் வேகத்தை ஒப்பிட்டு, உந்தமும் ஆற்றலும் சமன் ஆக வேண்டும் என்று போட்டு, புரோட்டானுக்குப் பக்கத்தில் நிறையுள்ள துகள் என்று கணக்கிட்டார்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு எம்மி நோதர் 1918-ல் வெளியிட்ட தேற்றம் பதில் சொல்கிறது. இயற்கையின் விதிகள் இங்கே ஒரு மாதிரி, பத்தடி தள்ளி வேறு மாதிரி என்று இல்லை. எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கின்றன. அது உண்மையாக இருக்கும் வரை உந்தம் அழியாது என்பது கணக்காகவே வந்துவிடுகிறது. இது கல்லூரிப் பாடம்தான், ஆனால் தெரிந்துவைத்துக்கொண்டால் ஒரு சந்தோஷம்.

ஒளிக்கு நிறையே இல்லை, அப்போ உந்தமும் பூஜ்யம்தானே?

நிறை × திசைவேகம் என்பது ஒளியின் வேகத்தை விட மிகக் குறைந்த வேகத்தில் போகிற பொருள்களுக்கான சூத்திரம். ஒளிக்கு உந்தம் = ஆற்றல் ÷ ஒளியின் வேகம். சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. பூமியின் தூரத்தில் சூரிய ஒளி ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் நேராகப் பட்டுத் திரும்பினால் சுமார் 9 மைக்ரோ நியூட்டன் விசை. கறுப்பாக இருந்து ஒளியை விழுங்கிவிட்டால் அதில் பாதி. ஜப்பான் 2010-ல் அனுப்பிய இகாரோஸ் விண்கலம் 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விரித்து, சூரிய ஒளி தள்ளுகிற இந்த விசையாலேயே தன் வேகம் மாறுவதை அளந்து காட்டியது.